மூன்று கிழமை யுத்தம்

நான் பலெர்மோவில் பராமரித்த கிழவர்களில், தன்னுடைய யுத்தம் வெறும் மூன்று கிழமைதான் என்று ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான். மற்றவர்களைக் கதைக்கவிட்டால் முழு யுத்தத்தையும் தாங்கள் தனியே சுமந்து திரிந்தது போல அளப்பார்கள். இவர் லிபியாப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு டாங்கிப் படைப்பிரிவில் சாரதியாக இருந்தவர். போய் இறங்கி மூன்று கிழமை சண்டைக் களத்தில் நின்றார். பிறகு பிடிபட்டு, மிச்ச வருடங்களை ஆங்கிலேயரின் சிறைமுகாமில் கழித்தார்.

"யுத்தம் எண்டு நான் கண்டது அந்த மூண்டு கிழமைதான். அது காணும்" என்பார். அவர் கதைத்தது சிசிலிப் பேச்சு பாதி கலந்த இத்தாலி மொழி. என் காதில் அது எங்கள் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. எனக்குத் தெரிந்தபடியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லிபெர்த்தா வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் கிழவரும் நானும் இருந்தோம். அவருடைய ஒரே மகள், நான் சின்யோரா என்று கூப்பிடுகிறவர், இரண்டாம் மாடியில் குடும்பத்தோடு இருந்தார். கிழமையில் ஆறு நாள் எனக்கு அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேத்தோ வீதியில் நாங்கள் நாலு பேர் எடுத்திருந்த அறைக்குப் போய், வாய்க்கு உறைப்பாகச் சோறு கறி சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஊரில் நான் சங்கக்கடையில் வேலை செய்தவன். பொருள் வராத காலத்தில் மண்ணெண்ணெயும் சீனியும் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுத்தவன். கெஞ்சினாலும் திட்டினாலும் ஒரு சொட்டுக் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. கல்நெஞ்சுக்காரன் என்று பெண்கள் வரிசையில் நின்று எனக்குக் கேட்கவே சொல்வார்கள். நியாயமாக நடக்கிறவன் என்று எனக்குள் ஒரு பெருமை. கடல் கடந்து வந்தும் என் தலையெழுத்தில் அளக்கிற வேலைதான் எழுதியிருந்தது.

கிழவருக்கு இருதயம் பலவீனம். குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கிவிடும். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்தான், சூப்பும் கோப்பியும் அதற்குள் அடக்கம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சின்யோரா ஒரு கண்ணாடிப் போத்தலில் சிவப்பு மையால் கோடு கீறித் தந்தார். காலையில் கோடு மட்டும் நிரப்புவேன். நாள் முழுவதும் அதிலிருந்து சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுப்பேன். மாலையில் சின்யோரா ஏறி வந்து தகப்பனின் காலை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்தால் என் முகத்தைப் பார்ப்பார். என்னுடைய பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் இந்த நாட்டில் தங்கியிருக்கிற அனுமதிப் பத்திரத்துக்கு, அந்த வீட்டு வேலையை வைத்துத்தான் விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தாகம் ஒரு மனிதனை எவ்வளவு கெட்டிக்காரனாக்கும் என்று அந்த வீட்டில்தான் கண்டேன். முகம் கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குப் போய்க் குழாயில் வாயை வைப்பார். மேசையிலிருந்த பூச்சாடி ஒருநாள் வற்றிக் கிடந்தது. தோடம்பழத்தை உரிக்காமல் கடித்துச் சாறை உறிஞ்சுவார். ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கடைசியில் குளியலறைக் குழாயின் அடைப்பைத் திருகிப் பூட்டிவிட்டேன். அவர் போய்க் குழாயைத் திருகித் திருகிப் பார்த்த சத்தம் எனக்குக் குசினிக்குள் கேட்டது. நகரத்தில் ஒன்றைவிட்ட ஒரு நாள்தான் தண்ணீர் வரும், கூரையில் இருக்கிற தொட்டி காலி என்று பொய் சொன்னேன். அவர் நம்பினது போல நடித்தார்.

அந்த மத்தியானந்தான் பாலைவனக் கதையைத் தொடங்கினார். எனக்கு முதலில் எரிச்சல். வேலை தலைக்கு மேலே கிடந்தது. கதைத்தால் வாய் காயும், பிறகு தண்ணீர் கேட்பார் என்று கணக்குப் பார்த்து, "பேசாமல் படுங்கோ, சின்யோர்" என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்குப் பாதி, அடுத்த நாள் மிச்சம் என்று ஒரு கிழமையாகச் சொன்னார். நானும் உடுப்பு மடித்தபடி கேட்கத் தொடங்கி, பிறகு மடிப்பதை விட்டுவிட்டுக் கேட்டேன்.

முதலில் அவர்களிடம் டாங்கியே இருக்கவில்லை. ஆட்களை ஒரு கப்பலிலும் டாங்கிகளை வேறொரு கப்பலிலும் ஏற்றியிருக்கிறார்கள். திரிப்போலியில் கம்பளி உடுப்போடு வெயிலில் குந்தியிருந்து, அந்த மற்றக் கப்பலுக்காகப் பத்து நாள் கடலைப் பார்த்தார்களாம். அது வந்து டாங்கிகளை இறக்கியபோது கைதட்டினார்களாம். தூசை வடிகட்டுகிற எதுவும் அந்த இயந்திரங்களில் பூட்டப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"பாலைவனமெண்டால் மணல் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவங்கள். அங்கை போனால் கல்லு. கல்லுக்கு மேலை மாப்போலை தூசு. அது இயந்திரத்துக்குள்ளை போய் அரைச்சுப்போட்டுது."

எதிரியைக் கண்ணாலும் காண முதலே டாங்கிகள் ஒவ்வொன்றாக வழியில் நின்றன. ரேடியோ தளபதியின் டாங்கியில் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்குக் கொடிதான். எழும்பிய தூசில் எந்தக் கொடியைக் காண்பது? முன்னால் போகிறவனின் தூசைப் பார்த்துப் போ என்பதே கட்டளையாம். ஒருநாள் காலை முழுவதும் அப்படி ஒரு தூசைத் தொடர்ந்து போய், கிட்டப் போய்ப் பார்த்தால் அது வெறும் காற்று கிளப்பிய தூசு. இதைச் சொல்லும்போது மட்டும் கிழவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்திலும் ஆட்கள் இதைவிட மெல்லிய தூசை நம்பி எவ்வளவோ தூரம் போயிருக்கிறார்கள்.

ஒரு டாங்கிக்குள் நாலு பேர். கட்டளை கொடுக்கிற இளம் அதிகாரி, இயந்திரத் துப்பாக்கிக்காரன், பீரங்கிக்குக் குண்டு ஏற்றுகிறவன், சாரதி. குண்டு ஏற்றியவன் ஊரில் பாண் சுடுகிற போறணையில் வேலை செய்தவனாம், கிழவரின் வயதுதான். நித்திரையிலும் மா குழைக்கிற மாதிரிக் கையை ஆட்டுவானாம். குடிதண்ணீர் பழைய எண்ணெய்ப் பீப்பாக்களில் வரும். குடித்தால் நாள் முழுக்க எண்ணெய் ஏப்பம். அந்தத் தண்ணீர்க் கலனுக்குப் பொறுப்பு சாரதி. ஏனென்றால் முதல் பங்கு ரேடியேற்றருக்கு. மனிதர் காய்ந்தாலும் இயந்திரம் காயக்கூடாது என்பது படைப்பிரிவின் சட்டம்.

"மூண்டு பேரும் என்ரை கையைத்தான் பாத்துக்கொண்டிருப்பாங்கள். நான் மூடியாலை அளந்து குடுப்பன். ஒருத்தருக்கும் கூடக் குடுத்ததில்லை. எனக்கும் கூட எடுத்ததில்லை" என்றார். அந்தப் பெருமையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

களத்துக்குப் போன மூன்றாம் கிழமைதான் முதல் சண்டை. அவர்களுடைய டாங்கியின் தகடுகளை ஆணியால் அறைந்துதான் பூட்டியிருந்தார்கள். வெளியே குண்டு பட்டால் தகடு தாங்கினாலும் உள்ளே ஆணி தெறிக்கும். அப்படித் தெறித்த ஓர் ஆணி பாண்காரனின் வயிற்றுக்குள் போனது. அவனை இழுத்து வெளியே எடுத்து டாங்கியின் நிழலில் கிடத்தினார்கள். சண்டை அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. அதிகாரியும் துப்பாக்கிக்காரனும் வைத்திய வண்டியைத் தேடி நடந்து போனார்கள். கிழவர், அப்போது இருபத்திரண்டு வயது, காயக்காரனோடு இருந்தார். கலனில் மூன்று கிளாஸ் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

வயிற்றில் காயப்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும் வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் சாரதியின் பெயரைச் சொல்லிக் கேட்டான். பிறகு தாயிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான். "வாறாங்கள், வைத்திய வண்டி வருது, கொஞ்சம் பொறு" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி வரவில்லை. அவன் செத்துக் கொஞ்ச நேரத்தில் அதிகாரி மட்டும் திரும்பி வந்து, தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றச் சொன்னார். ஊற்றினார். இயந்திரம் உயிர் பிடித்தது. இரண்டாம் நாள் அதே டாங்கியோடு பிடிபட்டார்கள்.

"அவனுக்குக் குடுக்காததை இயந்திரம் குடிச்சுது. பிறகு முகாமிலை ஒரு வைத்தியன் சொன்னான், அந்தக் காயத்துக்குத் தண்ணி குடுத்தாலும் சாவு, குடுக்காட்டிலும் சாவு எண்டு. குடுத்திருக்கலாமெண்டு சொன்னான்."

நீங்கள் சட்டப்படிதானே நடந்தீர்கள் என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். அன்றைய போத்தலில் கோட்டுக்குள் மிச்சமிருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீயும் அளக்கிறாய். நானும் அளந்தனான். உன்னிலை எனக்குக் கோவமில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். எனக்கு இனிச் சரிவராது எண்டு தெரியிற நேரம், அந்தச் சிவப்புக் கோட்டை மறந்திடு. ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தா. வாய் காஞ்சு போக என்னை விடாதை."

"ஓம், தாறன்" என்றேன்.

"வேறை ஆரும் தரமாட்டினம். நீதான் தரவேணும்."

"நான்தான் தருவன், சின்யோர்."

அந்த வாக்கை நான் சும்மா வாய்க்காகக் கொடுக்கவில்லை. குசினி அலுமாரியில் பெரிய கிளாஸ் ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவித் தனியே கவிழ்த்தும் வைத்தேன்.

அடுத்த மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. எழுதி இரண்டு மாதம் கழித்துக் கையில் கிடைத்த கடிதம். இடம்பெயர்ந்து போய் இருந்த இடத்தில் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார் என்று எழுதியிருந்தார். நான்தான் மூத்த மகன், ஒரே ஆண்பிள்ளை. எங்கள் ஆட்களில் உயிர் பிரிகிற நேரம் பெற்ற பிள்ளை கரண்டியால் பாலோ தண்ணீரோ வாயில் விடவேண்டும். பால் பருக்கிறது என்போம். அது பிள்ளையின் கடன், பிள்ளையின் உரிமையும்தான். அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: பக்கத்துக் கொட்டிலில் இருந்த மனுசன்தான் பால் பருக்கினவர், நல்ல மனுசன்.

அந்த நல்ல மனுசனை நான் வெறுத்தேன். முகம் தெரியாத ஓர் ஆளை அப்படி வெறுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் செய்தது புண்ணியம் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் என்னுடைய கரண்டியை அவன் பறித்துவிட்டான் என்றுதான் நெஞ்சு சொன்னது. என் கடவுச்சீட்டு, பெர்மெஸ்ஸோ விண்ணப்பத்தோடு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. நேரத்துக்குத் தெரிந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது.

அந்த ஞாயிறு ஒரேத்தோ அறையில், என்னோடு இருந்தவர்களில் மூத்தவரிடம், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிறவரிடம், கிழவருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னேன்.

"குடிக்கத் தண்ணி குடுக்கிறது வேறை. உயிர் போறநேரம் பருக்கிறது வேறையடாப்பா" என்றார் அண்ணை. "பெத்த பிள்ளை ரெண்டு மாடி கீழை இருக்கேக்கை நீ ஆர் அதைச் செய்ய? நாளைக்கு அவ கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"அவையளிட்டை அந்த வழக்கம் இல்லை, அண்ணை."

"வழக்கம் இல்லாட்டிலும் பிள்ளை பிள்ளைதானே."

அண்ணையில் பழி போட நான் எழுதவில்லை. அவர் சொல்ல முதலே என் மனதுக்குள் அது முடிவாகியிருந்தது. பக்கத்துக் கொட்டில் மனுசனாக நான் இருக்கமாட்டேன். நேரம் வரும்போது சின்யோராவைக் கூப்பிட்டு, கிளாசையும் கரண்டியையும் அவர் கையில் கொடுப்பேன். தகப்பனுக்கும் தண்ணீர் கிடைக்கும், மகளுக்கும் பிற்காலத்தில் ஒரு குறை இருக்காது. எனக்கு அது மிகவும் அழகான ஏற்பாடாகப் பட்டது. கிழவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் பதினைந்து, பெரகோஸ்தோ என்கிற கோடைத் திருநாள். அன்றைக்குப் பலெர்மோ முழுவதும் கடலுக்குப் போய்விடும். சின்யோராவின் குடும்பம் அந்த மாதம் முழுக்க மொண்டெல்லோக் கடற்கரையில் எடுத்திருந்த வீட்டில் இருந்தது. காலையில் சின்யோரா வந்து தகப்பனின் காலை அழுத்திப் பார்த்து, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். கிழவர் அப்போது நன்றாகத்தான் இருந்தார். மகளின் தொப்பியைப் பார்த்துப் பகிடியும் விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டைக் கொண்டுபோனபோது மூச்சு மாறியிருந்தது. வாய் திறந்தபடி, ஒன்று இழுத்து நெடுநேரம் கழித்து இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை, என்ன நடந்தாலும் எனக்கு அறிவி என்று சின்யோரா முன்பே சொல்லியிருந்தார். மொண்டெல்லோ வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் கரையில். திரும்பத் திரும்ப எடுத்து, நாலாம் தரம் மருமகன் தூக்கினார். "உடனை வாறம்" என்றார். பெரகோஸ்தோ நாளில் மொண்டெல்லோ வீதியில் உடனே என்று ஒன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

குசினிக்குப் போய்ப் பெரிய கிளாசை நிரப்பினேன். பக்கத்தில் ஒரு தேக்கரண்டி. இரண்டையும் தட்டில் வைத்துக் கட்டிலருகே கொண்டுவந்தேன். கிழவர் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். கிளாஸ் நிறைய இருப்பதைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது.

"தண்ணி" என்றார்.

"மகள் வாறா, சின்யோர். கொஞ்சம் பொறுங்கோ."

அவர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தரம் கேட்டார். நான் இன்னொரு தரம் அதையே சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எந்த வசனம் என்று எனக்கு உறைத்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, களைப்பா, என்னை இனிப் பார்க்கக்கூடாது என்ற எண்ணமா, தெரியாது.

அப்போதாவது கொடுத்திருக்கலாம். எத்தனையோ தரம் இதை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு கரண்டி, வேண்டாம், விரலால் உதட்டை நனைத்தாவது விட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. பிள்ளை பருக்க முதல் வேறொருவன் தொட்டால் அது பங்கப்பட்டுவிடும் என்று ஒரு பயம். அவ வந்துவிடுவா, இந்தா வந்துவிடுவா என்று வாசல் மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வெளியே வீதியில் ஒரு வாகனச் சத்தமும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் அப்படிப் போனது.

சின்யோரா வந்தபோது தலைமயிரிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது. லிப்ட் வேலை செய்யாததால் நாலு மாடியும் ஓடி ஏறியிருக்கிறார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, "பப்பா, பப்பா" என்று கட்டிலில் விழுந்து கையைப் பிடித்தார். கிழவர் இன்னும் இருந்தார். நெஞ்சு அசைந்தது. எங்கள் வழக்கத்தை இத்தாலி மொழியில் சொல்லுகிற சொற்கள் என்னிடம் இல்லை. சொல்லவேண்டிய தேவை வரும் என்று நினைக்கவும் இல்லை. சாகிற தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் தண்ணீரைக் கொடுத்தால், அது என்ன செய்யும் என்று யாராவது விளக்கப்படுத்துவார்களா? கிளாசை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

சின்யோரா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிளாசை வாங்கினார். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தார்.

வெறுங்கிளாசை என் கையில் திருப்பித் தந்து, "கிராச்சியே" என்று நன்றி சொன்னார்.

நான் குசினிக்கு ஓடினேன். குழாயைத் திறந்து, கிளாஸ் அரைவாசி நிரம்ப முதல் மூடிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். சின்யோரா தகப்பனின் வாயை மூடிக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்துப் போயிருந்ததால் அது சரியாக மூடவில்லை. விரலால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் மூன்றாம் நாள். பூசை முடிந்து கோயில் வாசலில் சொந்தக்காரர் எல்லாம் கூடி நின்றபோது, சின்யோரா என்னைக் கையைப் பிடித்து அவர்கள் நடுவில் கூட்டிக்கொண்டுபோனார். இரண்டு வருடமாக அளவு பிசகாமல் அப்பாவைப் பார்த்தவர் இவர்தான் என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். பிறகு குரல் உடைந்து, "அப்பா போற அந்த நேரத்திலையும் என்ரை தாகத்தை நினைச்சுத் தண்ணி கொண்டுவந்து தந்தவர். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்" என்றார்.

ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கி "கிராச்சியே" என்றார்கள். நன்றிக்கு மறுமொழியாக இங்கே சொல்லுகிறபடி, நான் ஒவ்வொருவருக்கும் "ப்ரேகோ" என்றேன்.